காலாவதி

திண்டுக்கல்லிலிருந்து வந்த பூட்டுக்காரனுக்குப்
பதினோரு நிமிஷம் ஆயிற்று.
நடுவில் ஒரு டீயும் குடித்தான்.
கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு
'பழைய பூட்டு, பாவம்' என்றான்.

எங்களுக்கு நாற்பது நிமிஷத்திலும் திறக்கவில்லை,
எழுபதாம் வருஷம், மாசி அமாவாசைக்கு மறுநாள்.

ஐந்து பேர் போனோம்.
கடப்பாரை அடைக்கலத்திடம். அரிக்கேன் என்னிடம்.
பீகிங் வானொலி கேட்டுக் குறிப்பெடுத்த நோட்டு
சோலையப்பன் மடியில்.
வாசலில் நின்ற இருவரில் ஒருவன் பெயரை
இன்றும் சொல்வதற்கில்லை,
அவன் மகன் பாங்கில் மேனேஜர்.

காடு வேண்டும், மலை வேண்டும் என்றது புத்தகம்.
வெட்டுக்குளத்தில் என்ன இருந்தது?
செம்பறாங்கல். வாய் பிளந்த கண்மாய்.
இடுப்பு உயரக் கருவை.
'படுத்தால் கொரில்லா, எழுந்தால் கைதி'
என்று அடைக்கலம் சிரித்தான்.

தத்துவத்திலும் சிக்கல்.
நிலப்பிரபு எங்கே?
முதலாளியின் வயலெல்லாம் ஐராவதிக் கரையில்;
அதையும் எங்களுக்கு முன்பே
பர்மாப் பட்டாளம் எடுத்துக்கொண்டது.
இரண்டு ராத்திரி வாதாடி
'வட்டியும் நிலமே' என்று தீர்மானம் போட்டோம்.
ஆளைத் தொடுவதில்லை, தாளைக் கொளுத்துவது.
அதுவும் மூன்றுக்கு இரண்டு ஓட்டில்தான்.
எழுதியவன் நான்.
எழுத்து அழகாக இருந்தது.

காவலிருந்த கணக்குப்பிள்ளையைக் கட்டிப்போட்டோம்.
தண்ணீர் கேட்டார், கொடுத்தோம்.
இரும்பில் இரும்பு விழுந்தது.
அந்த வீட்டில் ஓர் அடி விழுந்தால்
நாலு கட்டும் ஒவ்வொன்றாய்த் திருப்பிச் சொல்லும்.
வெளியே யாரோ
'கள்ளன்! கள்ளன்!' என்றார்கள்.
நாங்கள் யாரென்று சொல்ல
நோட்டீஸ் அடித்து வைத்திருந்தோம்.
இருட்டில் யார் படிப்பது?

கண்மாய்க் கரைவரை ஓடியபிறகு
அடைக்கலம் திரும்பிப் போனான்.
கடப்பாரை கல்குவாரியில் இரவல் வாங்கியது,
விடிவதற்குள் திருப்பித் தர வேண்டுமாம்.
பனையில் கட்டினார்கள். போலீஸிடம் கொடுத்தார்கள்.
மூன்றாம் நாள் பேப்பரில்,
தப்பியோட முயன்றபோது.

எனக்குத் திருச்சி ஜெயிலில் ஐந்து வருஷம்.
வெளியே வந்தபோது கட்சி இரண்டாகி,
இரண்டும் இவ்விரண்டாகி,
நாலு பக்கமிருந்தும் தபாலில் வந்தது
நான் துரோகி என்ற செய்தி.
கதவு, நிலை, தூண் வாங்கி விற்கத் தொடங்கினேன்.

போன மாதம் முப்பத்திரண்டு பங்காளிகள் கையெழுத்திட்டு
அந்த வீட்டை இடித்தார்கள்.
பெட்டகத்தை எடைக்கு எடுத்தேன்.

உள்ளே பொன் இல்லை.
நாடா கட்டிய புரோநோட்டுகள், நாற்பத்தேழு.
கடைசித் தேதி ஐம்பத்தொன்பது ஐப்பசி.
மூன்று வருஷத்தில் புரோநோட்டுக்கு உயிர் போய்விடும்,
எந்த வக்கீல் குமாஸ்தாவும் சொல்வான்.
நாங்கள் கொளுத்தப் போன ராத்திரி
அவை செத்து ஏழு வருஷம்.

தாளின் முதுகில் வட்டி வரவு ஒரு வரிகூட இல்லை.
ஆனால் வட்டி வந்துகொண்டுதான் இருந்தது.
கோழியாக, விறகாக,
கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்த ஆளாக.

பத்தொன்பதாவது தாள்,
சேவுகன் மகன் கருத்தான்,
கிணறு வெட்ட அறுபது ரூபாய்,
பத்துப் பைசா ஸ்டாம்பின் மேல் இடதுகைப் பெருவிரல்.
கோர்ட்டில் அவன் இரண்டாம் சாட்சி.
'நான்தான் சத்தம் போட்டேன் எசமான்,
கள்ளன்னு நெனச்சேன்' என்றான்.
பொய்யில்லை.

பாண்டிச்சேரி ஹோட்டல்காரர் போன் செய்கிறார்.
ரிசப்ஷனில் வைக்கப் பெட்டகம் வேண்டுமாம்.
கதவிலுள்ள பள்ளங்களுக்காக
இரண்டாயிரம் குறைக்கச் சொல்கிறார்.
குறைக்க மாட்டேன் என்றேன்.
உள்ளே தாள் ஏதாவது இருந்தால்
ஃபிரேம் போடலாமே என்கிறார்.

தீப்பெட்டி தேடினேன்.
கடையில் கிடையாது.
பழைய மரச்சாமான்களுக்கு நடுவே
நெருப்பு கூடாதென்று
நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.
எழுத்து
இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.