அச்சு

பொரளையில், மலர்ச்சாலைகளுக்குப் பின்னால், மூன்றாம் மாடி.
நோயாளிகளுக்கான கையேட்டைத் தமிழில் பெயர்க்கிறேன்,
பக்கத்துக்கு நானூறு ரூபாய்.

முதற் சொல்லிலேயே பேனை நின்றது:
ஆள் மறந்த பிறகும் உடம்பு வைத்திருப்பது.
'உள்ளுறை நினைவு' என்று எழுதி வெட்டினேன்.
கீழே யாரோ விசில் ஊதினார்கள்.
குனிந்து பார்த்தால், என் கை
சட்டைப்பைக்குள் அடையாள அட்டையைப் பிடித்தபடி.
கார் நிறுத்துமிடத்துக் காவலாளியின் விசில் அது.
சாவடிகள் கழற்றப்பட்டு எத்தனையோ வருடம்,
கைக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும்:
வியாழக்கிழமைகளில் ஒரு மாடி இறங்கி
இதே கையேட்டின் நோயாளியும் ஆகிறேன்.
இடது காதில் ஒரு சிள்வண்டு, தொண்ணூற்றாறிலிருந்து.
டொக்டர் இஷினி ஓர் ஏணி கீறித் தந்திருக்கிறார்.
முதற்படி, பஸ்ஸின் படத்தைப் பார்ப்பது.
நான்காவது, தரிப்பிடத்தில் பத்து நிமிடம் நிற்பது.
ஏழாவது, நூற்றைம்பத்துநாலில் பம்பலப்பிட்டி வரை,
நடுவில் என்ன நடந்தாலும் இறங்காமல்.
"பயம் ஏறும், ஏறிக் களைக்கும்,
அதற்கு முன்னர் நீங்கள் இறங்கினால் அது வென்றுவிடும்."

நேற்று ஏழாம் படி.
தும்முல்லையில் தாடி வைத்த இளைஞன் ஒருவன் ஏறினான்,
கறுப்புப் பையை என் இருக்கைக்குக் கீழ் தள்ளிவிட்டு
கம்பியைப் பிடித்து நின்றான்.
நினைத்ததை நினைத்தேன்.
என் பெயரை இரண்டு தரம் வாசித்துவிட்டு
என்னை நிமிர்ந்து பார்த்த சிப்பாயின் கண்கள்
இத்தனை காலம் எங்கே இருந்தனவோ,
எனக்கு அளவாகப் பொருந்தின.

அவன் கண்டுகொண்டான்.
ஒன்றும் கேட்கவில்லை நான்.
குனிந்து, சிப்பைச் சாண் அளவு இழுத்து
என் பக்கமாகத் திருப்பிக் காட்டினான்:
இரண்டு பித்தளைத் திருகு, ஈரத்துவாய், நூல் சுற்று.
"பைப் சாமான்தான், அண்ணன்."
அவனுடைய கைக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

பயம் இறங்கியதா என்று டொக்டர் கேட்டார்.
இறங்கியது, டுப்ளிகேஷன் வீதிக்கு முன்னரே.
அது எழும்பிய இருக்கையில்
வேறொன்று வந்து உட்கார்ந்ததைச் சொல்ல
அவருடைய ஏணியில் படி இல்லை.

திரும்பி மேலே வந்து இரண்டாம் சொல்லை எடுத்தேன்:
ஓர் ஆளைப் பார்க்குமுன்னரே பார்த்து முடிப்பது.
அச்சு என்று தொடங்கினேன்,
அச்சில் வார்த்த எண்ணம் என்று வரவேண்டும்.
கை அதை முடிக்கவிடாமல்
அச்சம் என்று எழுதியிருந்தது.

வெட்டவில்லை.
ஒப்புநோக்குபவர் திருத்தட்டும்.