பயணத்தின் நோக்கம்

பொதட்டூர்பேட்டையில் மின்தடை நாளன்று
தறிகள் நின்றுவிட்டால்
அடுத்த தெருவில் தாளிப்பது கேட்கும்.
அப்படியொரு மதியம்
கணக்கெடுக்க வந்த தேசப்பன்
கொட்டகைக்குள் டார்ச் அடித்தார்.
சத்தம் எதுவும் கேட்டு அல்ல.
மீட்டர் பெட்டி உள்ளே இருந்தது, அவ்வளவுதான்.

தறிக்காலில் சேலைக் கரையால் கட்டியிருக்க
உட்கார்ந்திருந்தாள்.
பத்தொன்பது மாதம்.
வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள்,
அழவில்லை.

பிறகு எல்லாம் முறைப்படி.
1098, காவல் நிலையம், ஜீப்.
தோளில் நான்கு விரல் தடம்,
மருத்துவர் சென்டிமீட்டரில் எழுதினார்.
அப்பன் நகரிப் பக்கம் ஓடியிருந்தான்.
அம்மாவைப் பற்றி மூன்று பேர்
மூன்று விதமாகச் சொன்னார்கள்,
மூன்றையும் எழுதிக்கொண்டேன்.
பெரியம்மா நாகபூஷணம்மா
குழுவின் முன் கையெழுத்திட்டு வாங்கிப்போனாள்.
உத்தரவின் கடைசி வரி:
குழந்தை பாதுகாப்பாக உள்ளது, கோப்பு முடிக்கப்படுகிறது.

பதினோராம் நாள் பார்க்கப் போனேன்.
"தொல்லையே இல்லைங்க மேடம்.
சாலா மஞ்சி பாப்பா.
வெச்ச எடத்துல இருக்கும்,
பசிச்சாக்கூட அழாது."
பெருமையாகத்தான் சொன்னாள்.
அவளை என்ன சொல்ல?
எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
அதற்குத்தானே நல்ல பிள்ளை என்று பேர்.

அழுத பிள்ளை பால் குடிக்கும்.
இவள் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள்.
எத்தனை ராத்திரி என்று கேட்க
எந்தப் படிவத்திலும் இடமில்லை.

நிகாரிகா என்று கூப்பிட்டேன்.
திரும்பவில்லை.
முதுகுக்குப் பின்னால் கரண்டியைத் தட்டினேன்,
திரும்பினாள். காது இருக்கிறது.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றக் கையைத் தூக்கினேன்,
என் கண்ணாடியை, என் கையை,
தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டாள்.

காயம் ஆறிடுச்சு, பிள்ளை பத்திரம்,
முடிச்ச கோப்பை எதுக்குமா திறக்குற?
சூப்பிரண்டெண்ட் கெட்டவர் இல்லை,
மேஜையில் அறுபது கோப்பு அவருக்கு.
நானே ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன்:
மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப்
பரிந்துரைக்கப்படுகிறது.
அத்தனை நீளப் பேருக்குள்
ஒரு பாய், ஒரு சிவப்புப் பந்து,
செல்வஷீலா என்றொரு பெண்.

தாய்மொழி என்று அங்கே ஒரு கட்டம்.
எந்த மொழியிலும் பேசாதவளுக்கு
எதைப் போட?
பென்சிலால் தெலுங்கு என்று எழுதி
பக்கத்தில் தமிழும் போட்டேன்.

இரண்டு பேருந்து மாறித் திருவள்ளூர்.
பெரியம்மாவுக்கு ஒருநாள் நூல் சுற்றும் கூலி போச்சு.
முதல் வாரம் அவள் வரவே இல்லை.
இரண்டாம் வாரம் வாசலில் நின்று கூட்டிவந்தேன்.

செல்வஷீலா பந்தைத் துண்டால் மூடினாள்.
குழந்தை துண்டையே பார்த்தது, தேடவில்லை.
போனது போனதுதான் என்று
இத்தனை சின்ன வயதில் யார் சொன்னது?
ஐந்தாம் வாரம்
துண்டின் நுனியை இரண்டு விரலால் தூக்கி
உடனே விட்டுவிட்டது.
செல்வஷீலா தேதி போட்டு அதை எழுதினாள்.

ஏழாம் வாரம், திரும்பும் பேருந்து.
கையிலிருந்த வெள்ளரிப் பிஞ்சு
நழுவி சீட்டுக்கு அடியில் உருண்டது.
தரையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
வாயைத் திறந்தாள்.
திருத்தணி மலை வரைக்கும் கேட்டிருக்கும்.
கண்டக்டர் திரும்பினார்,
ஒருத்தர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.
"ஏடவாகு, ஏடவாகு" என்று வாயைப் பொத்தப்போன
பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.
பையில் இன்னொரு பிஞ்சு இருந்தது.
அழுது ஓய்வதற்குள்
அதை அவள் கையில் வைத்தோம்.

பயணப்படி விண்ணப்பத்தில்
நோக்கம் என்ற இடத்தில்
நிகாரிகா அழுதாள் என்று எழுதிவிட்டேன்.
விளக்கம் தேவை என்று
சிவப்பு மையில் திரும்பி வந்திருக்கிறது.