என் கணக்கில் பத்தாம் நாள்

செவ்வாய்க்கிழமை காலை
நீதிபதி வாசித்து முடித்தபோது
எனக்குப் பிடிபட்டது ஓர் எண் மட்டும்:
பதினெட்டாயிரத்து நானூறு வெள்ளி.
மற்றதெல்லாம்
பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிபோல்
சுவருக்கு அந்தப்புறம் ஓடியது.

திருவாட்டி லோவின் வரவேற்பறைக் கூரை
ஊறி, உப்பி,
ஒரு ஞாயிறு மதியம் பியானோமேல் விழுந்தது.
குளிர்சாதனத்தின் வடிகுழாயை
நான்தான் மாட்டினேன்.
அதை நான் மறுத்ததே இல்லை.
மறுத்தது அதற்கு அடுத்த வாக்கியத்தை.

மேல்முறையீட்டுக்குப் பதினான்கு நாள் என்றார்கள்.
"சனி ஞாயிறு சேராது பாஸ்,
தீபாவளி லீவும் சேராது"
என்றான் வடமலை.
வாடகை வழக்கொன்றில்
பாதி ஜெயித்தவன்.
நம்பினேன்.

வேனில், ஒரு ரசீதின் முதுகில்
கோடு கிழித்து வந்தேன்.
ஈசூனில் மூன்று வீடு, ஒரு கோடு.
செங்காங்கில் கேஸ் நிரப்பியதற்கு ஒன்று.
பதிமூன்றாம் மாடி வெளிச்சுவரில்
மழையோடு தொங்கிய நாளுக்கும்
அதே நீளத்தில் ஒன்று.
சனிக்கிழமைகளிலும் வேலைதான்.
கோடு மட்டும் போடவில்லை.

புதன். என் கணக்கில் பத்தாம் நாள்.
ஹேவ்லாக் சதுக்கத்துக்கு
சவரம் செய்துகொண்டு போனேன்,
இன்னும் நான்கு நாள் கையில் இருப்பவன்
நடக்கிற நடையில்.

முகப்பில் இருந்தவரின் பெயர்ப்பட்டையில் ரொஹைஸா.
நாட்காட்டியை என் பக்கம் திருப்பினார்.
பேனாவின் பின்முனையால்
ஒவ்வொரு கட்டமாகத் தொட்டார்.
சனியைத் தொட்டார். ஞாயிற்றைத் தொட்டார்.
தீபாவளியின் சிவப்பு எண்ணையும்
விடாமல் தொட்டார்.
"நேற்றோடு முடிந்தது, அங்கிள்."
குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.
பின்னால் நின்றவர் கேட்டுவிட்டார்.

காலநீட்டிப்புக்கு மனுப் போடலாமாம்.
அதற்குக் கட்டணம் வேறு.
காரணத்தைச் சத்தியம் செய்து
எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.
என்ன எழுத?
ஐம்பத்து மூன்று வயதில்
எனக்குப் பதினாலு எண்ணத் தெரியவில்லை
இது சத்தியம்
என்றா?

கெடு என்றால் நாள்.
கெடு என்றால் பாழாய்ப் போ.
இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தவனுக்கும்
எங்கோ ஒரு வழக்கு இருந்திருக்கும்.

கழுவி முடிக்கும் ஒவ்வோர் இயந்திரத்திலும்
'அடுத்த சர்வீஸ்' என்று
தேதி எழுதி ஒட்டுகிறவன் நான்.
பிந்திக் கூப்பிடுகிறவர்களிடம்
"பரவாயில்லை, ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும்"
என்று சிரிப்பவனும் நானே.

கார்ப்பேட்டையில் வேனுக்குள் இருந்தேன்.
கட்டணம் ஏறுவது தெரிந்தும் இருந்தேன்.
ஒரு நாள் பிந்தியதால் போயிற்று
என்று இனிச் சொல்லிக்கொள்ளலாம்.
கேட்க நன்றாகவே இருக்கிறது.
வடமலை தலையில் அடித்துக்கொள்வான்.
சிவகாமி உச்சுக்கொட்டுவாள், பிறகு
தவணை எத்தனை என்று கேட்பாள்.
அந்தக் கவ்வியை அன்று இறுக்கினேனா என்று
எந்த மேல்நீதிமன்றமும்
இனிக் கேட்கப் போவதில்லை.

அதுதான்,
உண்மையில்,
எனக்கே தெரியாது.

மாலை, பொத்தோங் பாசிரில் ஒரு வீடு.
வடிகுழாயின் கவ்வியை இறுக்கிவிட்டு
ஏணியிலிருந்து இறங்கினேன்.
மறுபடி ஏறினேன்.
இறுக்கினேன்.
வீட்டுக்காரர் மணி பார்த்தார்.