முந்நூத்து நாலு

ராணிப்பேட்டை தோல் கம்பெனிக்கு
ஷூ பார்க்க வந்த ஜப்பான்காரருக்காக
ஓனர் இஸ்மத் பாய் மெட்ராஸ்ல சொல்லி
வரவழைச்சது அந்த கக்கூஸ்.
ரெண்டு ராத்திரி தங்கினாரு.
போறப்போ என்னைப் பார்த்து இடுப்பு வரைக்கும் குனிஞ்சாரு.
நானும் குனிஞ்சேன்.
அப்புறம் வரவேயில்ல.

லாட்ஜு கீறது ஆஸ்பத்திரிக்குப் பின்சந்து.
இங்க வர்றவன்லாம் ஸ்கேன் கவரோட வர்றவன்.
ரூம் இல்லன்னு சொன்னா அழுதுடுவான்.
அதனால முந்நூத்து நாலைத் தொறந்துவுட்டோம்
சாதா ரேட்டுக்கே.

ஷொஹிதுல் டாக்காவுக்கும் அந்தாண்ட ஏதோ ஊரு.
பொண்டாட்டிக்கு கிட்னி.
வந்த அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு
பெல் அடிக்கிறான், அடிக்கிறான்.
ஓடிப்போய்ப் பார்த்தா
சட்டை ஈரம், செவுரு ஈரம்.
மூடி தானா தொறக்குது, பின்னாடி போறான்.
தானா மூடுது, முன்னாடி வர்றான்.
புதுசா ஓட்டியாந்த மாட்டுக்கிட்ட நிக்கிற மாதிரி.

செவுத்துல பதினாலு பட்டன், எல்லாம் ஜப்பான் எழுத்து.
அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது,
அதுக்கு எங்க ரெண்டு பேரையும் தெரியாது.
"பானி, பானி"ன்னான்.
அது தெரியும்.
பாதி வேலூருக்கு அது தெரியும்.

ஒண்ணொண்ணா அமுக்கிப் பார்த்தோம்,
ரெண்டு ஆம்பளைங்க நடு ராத்திரியில
கக்கூஸ் முன்னாடி குந்திக்கினு.
ஊசி போட்ட எடத்துல ஒட்டற வெள்ளை டேப்பு
அவன் பையில இருந்தது.
கிழிச்சுக் கிழிச்சு நான் எழுதினேன்:
கழுவு. நிறுத்து. இதைத் தொடாதே.
கீழ அவன் பாஷையில அவன் எழுதினான்.
ஒரு பட்டன், குந்தற எடத்தைச் சூடு பண்றதுக்கு.
வேலூர்ல. மே மாசத்துல.
அதுமேல மட்டும் ரெண்டு டேப்பு ஒட்டினேன்.
அவன் கையைச் சொம்பாட்டம் குவிச்சு,
இதுக்கா இம்மாம் பெரிய மிஷினுன்னு காட்டினான்.
சிரிச்சோம்.
உள்ள அவன் பொண்டாட்டி இருமினா.
நிறுத்திக்கினோம்.

மூணாவது வாரம், ஒரு மத்தியானம்,
முந்நூத்து நாலுல தண்ணி கொட்டற சத்தம்.
அரை மணி. முக்கா மணி.
லாரித் தண்ணிக்கு நான் எத்தினி போன் போட்டேன்னு
எனக்குத்தான் தெரியும்.
கதவை ஒதைக்காத கொறையா தட்டினேன்.
"பானி பந்த் கரோ!"
நிக்கல.

மொட்டை மாடிக்கு ஏறினேன். செருப்பு மறந்துட்டேன்,
தரை தோசைக்கல்லு.
டேங்கு மூடியைத் தள்ளிக் கொம்பை வுட்டுப் பார்த்தேன்.
காலையில எங்க நின்னுதோ அங்கயே நிக்குது தண்ணி.
ஒரு வெரக்கடை கூட எறங்கல.

எறங்கி வந்து கதவுல காது வெச்சேன்.
வெறும் சத்தம்.
உள்ள கீற ஆளு பண்ற சத்தம்
வெளிய கேக்கக் கூடாதுன்னு
ஜப்பான்காரன் மிஷினுக்குள்ள ஒரு ஆத்தை
வெச்சு அனுப்பியிருக்கான்.
அரை நிமிசத்துக்கு ஒருவாட்டி அது நிக்குது.
நிக்கிற நேரத்துல உள்ள மூச்சே இல்ல.
மறுபடி பட்டன்,
மறுபடி ஆறு,
அதுக்கு அடியில, நல்லாக் கேட்டாத்தான் தெரியும்,
அவன்.

தட்டின கையை லுங்கியில தொடச்சிக்கினு
கீழ போயிட்டேன்.
சாயங்காலம் டீ வாங்கிக் குடுத்தேன். ஒண்ணும் கேக்கல.

ஜூன்ல போனாங்க. ரெண்டு பேரும்தான்.
அவ வீல்சேர்ல, மடியில எக்ஸ்ரே.
ஷொஹிதுல் என் கையைப் புடிச்சுக்கினு
ஏதோ சொன்னான், ரொம்ப நேரம் சொன்னான்.

அடுத்து வந்தவன் கல்கத்தாப் பையன்.
கடைசி பட்டன்ல நான் எழுதாத ஒரு டேப்பு கீது,
இன்னான்னு படிக்கச் சொன்னேன்.
"மதுமதி."
பொண்டாட்டி பேரு வேறயாச்சேன்னேன்.
"நஹி, நதி"ன்னான்.
நதி.

பக்கத்துல நானும் ஒரு துண்டு டேப்பு ஒட்டினேன்.
பேனா மூடியைப் பல்லால கழட்டினேன்.
கீழ ஹாரன், தண்ணி லாரி,
ஹோஸைப் புடிக்க ஆளில்லன்னு டிரைவர் கத்துறான்.

அது இன்னும் வெள்ளையாத்தான் கீது.