இரண்டு நிமிடம்

வெல்டர்பாக்கில் இருந்து விடிய
ஐந்து பன்னிரண்டுக்கு பஸ்.
ஹால்ம்ஸ்டெட் ஸ்டேஷனில் அது வந்து நிற்கும்போது
ஐந்து ஐம்பத்தொன்று.
கோச்சி, ஐந்து நாற்பத்தொன்பதுக்கு.

அதன் பின்விளக்கை எனக்கு நன்றாகத் தெரியும்.
முகம் கண்டதில்லை.

அடுத்தது ஆறு நாற்பத்தொன்பது.
ஆறரை வேலையை ஏழரைக்கு மாற்றி
ஒரு மணித்தியாலச் சம்பளத்தை விட்டுக்கொடுத்துவிட்டு
பூட்டிய காத்திருப்பு அறைக்கு வெளியே
கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நிற்பேன்.
முதல் வருடம் என்னோடு மூன்று பேர் நின்றார்கள்.
வெல்டிங் பழகப் போன யானிக்,
மருந்துக்கடை நவ்ரஸ்,
கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போகும் உல்ரிக்கே.
நவ்ரஸின் போத்தலில் இருந்த தேநீரை
மூடியில் ஊற்றி நாலு பேரும் குடிப்போம்.

யானிக் பயிற்சியை விட்டான்.
நவ்ரஸ் கடன்பட்டுக் கார் வாங்கினாள்;
சம்பளத்தில் பாதியை இப்போது கார் தின்கிறது.
உல்ரிக்கே வீட்டை விற்றுவிட்டு
ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒற்றை அறைக்குப் போனாள்.

மாவட்டச் சபையில் ஹெர் டெட்மர் அட்டவணையை விரித்தார்.
"நான்கு பயணிகள் இருந்த இடத்தில் இப்போது ஒன்று.
தேவை இல்லை என்று எண்ணிக்கையே சொல்கிறது."

அந்த ஒன்று
மூன்றாம் வரிசையில்
கையைத் தூக்கிக்கொண்டு இருந்தது.

மூன்று நிமிடம் தந்தார்கள்.
வசீகரி சிவபாலன், ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதி,
என்று தொடங்கினேன்.

அடுப்பு மூட்டாத வீட்டுக்குள் எட்டிப் பார்த்து
இங்கே ஒருவருக்கும் பசியில்லை என்று
எழுதிக்கொண்டு போகிறீர்கள், என்றேன்.

ஜெர்மனில் அது அவ்வளவு வடிவாக வரவில்லை.
வினைச்சொல்லைக் கடைசியில் போட மறந்துபோனேன்,
தமிழிலும் கடைசியில்தான் போடுவோம் என்றாலும்.

எங்கள் ஊரில் தண்டவாளத்தைப் பிடுங்கி
பங்கருக்குக் கூரை போட்டார்கள்.
சிலிப்பர் கட்டைகூட மிஞ்சவில்லை.
கோச்சி ஏன் வரவில்லை என்று
எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.
அங்கேயே திரும்பவும் போட்டுவிட்டார்கள், ஐயா.
இங்கே குண்டும் விழவில்லை.
தண்டவாளமும் கிடக்கிறது,
துருப்பிடிக்காமல், கண்ணாடி மாதிரி,
குவாரிக் கல் தினமும் அதில்தானே போகிறது.
கல்லுக்குக் கோச்சி இருக்கிறது, ஹெர் டெட்மர்.
கல் ஒருநாளும் வேலைக்குப் பிந்தினதில்லை.
காலையில் இரண்டு, பின்னேரம் இரண்டு
ஆட்களுக்கும் விடுங்கள்.
அதுவரைக்கும் அந்த பஸ்ஸை
ஐந்து நிமிடம் முந்தி எடுங்கள்.
என் நித்திரையில் கழித்துக்கொள்ளுங்கள்.

மணி அடித்தது.
பின்னால் ஒருவர் கைதட்டத் தொடங்கி
மற்றவர்கள் தட்டாததைக் கண்டு
உள்ளங்கையில் தூசி துடைப்பதுபோல் பாவனை செய்தார்.
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.

வெளியே வந்தபோது ஒன்பது நாற்பது.
கடைசி பஸ் எட்டு பத்துக்கே போய்விட்டது.
கூட்டம் தொடங்கினதே எட்டு மணிக்கு.
இதைக் குறிப்பேட்டில் ஏற்றச் சொல்லியிருக்கவேண்டும்.

"ஏறுங்கள், அந்த வழியாகத்தான் போகிறேன்"
என்றார் டெட்மர். மனுசன் கெட்டவர் இல்லை.
இருக்கை சூடாகும் பொத்தானை எனக்காகத் தட்டிவிட்டார்.

மில் தெருக் கடவையில் சிவப்பு விளக்கு.
படலை இறங்கியது.
இருபத்தாறு பெட்டி கல்,
ஓர் இருக்கையும் இல்லாமல்
ஓர் அவசரமும் இல்லாமல்
எங்களைக் கடந்து போனது. எண்ணினேன்.

டெட்மர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார்.
கார் மணிக்கூட்டைப் பார்த்தார்,
திரும்பவும் பார்த்தார்.
"எவ்வளவு நேரம்தான் இது!"

நானும் பார்த்தேன்.
இரண்டு நிமிடம்.