வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்

ஓய்வுக்குப் பதினோரு மாதம் இருக்கையில்
துறைமுகத்தில் எல்.டி.சி. பாஸானது.
எங்கே போகலாம் என்றேன்.
"கல்யாண போட்டோல பின்னாடி தொங்குச்சே,
அங்க" என்றாள் நிர்மலா.

பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டுடியோ.
துணியில் வரைந்த தாஜ்மகால்
ஃபேன் காற்றில் நடுங்கிக்கொண்டே இருந்தது.
போட்டோவில் அதன் ஒரு மினார்
என் காதுக்குப் பின்னாலிருந்து
கொம்பு மாதிரி முளைத்திருக்கும்.

வஞ்சிர வறுவல் கூடூருக்குள் தீர்ந்தது.
பல்லார்ஷாவில் தமிழும் தீர்ந்தது.
இரண்டாம் ராத்திரி முடியாத இருட்டில்
ஆக்ராவில் இறங்கினோம்.
ஆட்டோக்காரர் விரலை இப்படியும் அப்படியும் ஆட்டி
ஏதோ சொன்னார்.
நிர்மலா எனக்கு மொழிபெயர்த்தாள்:
"இன்னிக்கு வெள்ளிக்கிழமையாம்.
நீதானே டிக்கெட் போட்ட?"

வெள்ளிக்கிழமை,
உள்ளூர்க்காரர் தொழுவதற்கு மட்டும் கதவு திறக்கும்.
எங்களுக்கோ அன்று ராத்திரியே ரயில்.

அக்கரையில் தோட்டம் உண்டு, அங்கிருந்து பார்க்கலாம் என்று
ஆற்றைச் சுற்றி அழைத்துப்போனார்.
யமுனை வருமுன்னே அதன் வாசனை வந்தது.
"அய்யே, நம்ம பக்கிங்காம் கால்வாய்!"
மூக்கைப் பொத்தாமல் சிரித்தாள்,
அசலூர்ச் சந்தையில்
சொந்தக்காரரைப் பார்த்துவிட்டதுபோல.

முள்கம்பி. மணல். நாலு எருமை.
அதற்கும் அப்பால்
எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
நின்றது.

முப்பத்து நாலு வருஷம்
கப்பல் பார்த்த கண் இது.
கப்பலுக்கு முகத்தில் பேர் மட்டும்தான்.
ஊர் முதுகில் எழுதியிருக்கும்.
மன்ரோவியா, பனாமா, வல்லெட்டா.
கரையை விட்டுக் கிளம்பும்போதுதான்
எந்த ஊரென்று சொல்லிவிட்டுப் போகும்.
பழக்கதோஷம்,
அந்த வெள்ளை முதுகிலும் எழுத்தைத் தேடினேன்.
கல் வந்த ஊர்,
கல்லை இழுத்து வந்தவன் ஊர்,
ஏதாவது ஒன்று.
பனிதான் இருந்தது.

மெட்ராஸ் பார்க்க வருகிறவர்கள்
மெரினாவில் நின்று முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.
நாங்கள் இருப்பது முதுகில்.
துவைத்துக் காயப்போட்ட வேட்டியில் கரித்தூள் படியும்,
ட்ரெய்லர் வரிசைக்கு நடுவே ஆம்புலன்ஸ் அலறும்,
மழை விட்டு நாலாம் நாளும் தெருவில் தண்ணி.
இதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.
"கடலை ஆறுது, தின்னு" என்றாள்.

அவள் ஆட்டோக்காரரோடு
கைஜாடையில் பேசிக்கொண்டிருந்தாள்.
பத்து விரலைக் காட்டினார், பிறகு நாலு,
பிறகு வயிற்றைத் தடவி
கண்ணை மூடிக்கொண்டார்.
நிர்மலாவுக்கு அந்த ஜாடை அத்துபடி.
ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரியில்
இருபத்தாறு வருஷம் ஆயா.
"பதினாலாவதா? பாவி!
எங்க லேபர் வார்டுக்கு வந்திருந்தா
திட்டியாவது அனுப்பியிருப்போம்"
என்று தமிழிலேயே ஆரம்பித்தவள்
நிறுத்தினாள்.
ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.
வெயில் ஏறி அது ரோஜா நிறம் விட்டு
சுண்ணாம்பு நிறத்துக்கு வந்தபிறகு சொன்னாள்:
"ரெண்டு பாட்டில் ரத்தம் இருந்திருந்தா போதும்யா.
இவ்ளோ கல்லு தேவைப்பட்டிருக்காது."

வழியில் ஒரு பையனிடம்
உள்ளே பல்பு எரியும் சின்ன தாஜ் வாங்கினோம்.
நாக்பூர் தாண்டும்போது
மேல் பெர்த்திலிருந்து என் செருப்பு விழுந்து
ஒரு மினார் உடைந்தது.

ஆபீஸில் படிவம் நிரப்பினேன்.
பார்த்த இடம்: தாஜ்மகால்.
கணக்குப் பிரிவு காமேஷ்
நுழைவுச்சீட்டு எங்கே சார் என்றான்.
தோட்டத்துச் சீட்டை நீட்டினேன்.
இது வேறயாச்சே என்று
அவன் பேனா நின்றது.
இன்னும் அங்கேதான் நிற்கிறது.

வீட்டில் டிவிக்கு மேலே
சின்ன தாஜ், மூன்று மினாரோடு.
வோல்டேஜ் இறங்கும் ஏழு மணிக்கு
உள்ளே பல்பு சிவந்து சிவந்து அடங்கும்.
நாலு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.
ஆனாலும் தூசி தட்டியபிறகு தினமும்
கொஞ்சம் திருப்பி வைக்கிறாள்.
ஏன் என்றால்
"முன்பக்கம் தெரியுதில்ல" என்கிறாள்.