தொகுதி பதினேழு

காலை ஐந்தரைக்கே கடல் முப்பத்து மூன்று டிகிரி.
ஷோஃபிக்குல் இடுப்பளவு நீரில் நின்று
கயிற்றிலிருந்து ஒரு கொத்தை முறித்துத் தந்தான்.
"நல்ல சிவப்பு, ஆபா. ஒடிக்கிறப்ப சத்தம் கேக்குதா?"
கேட்டது.
வெண்டைக்காயின் நுனியை ஒடிக்கிற அதே சத்தம்.
கடைக்காரன் முறைக்க முறைக்க
நாம் தரம் பார்ப்பது அப்படித்தான்.
எனக்குச் சம்பளம் அதை நம்பாமல் இருப்பதற்கு.

உம் அல் குவைன் காயலோரம்
லாரியிலிருந்து இறக்கிவைத்த கன்டெய்னர்தான் ஆய்வகம்.
கேரட்டைப் பிளந்து நடுவில் பாசியைச் செருகி
சவர பிளேடின் பாதியால் சீவுகிறேன்.
இருபது சீவலில் ஒன்று தேறும்,
வெங்காயத் தோலைவிட மெலிசாக,
சிவப்பெல்லாம் எங்கே போனது என்று கேட்கவைக்கும் வெளிறலோடு.
ஒரு துளி நீலம் விட்டால்
சுவர்கள் மட்டும் ஊதாவாகும்.
அங்கேதான் இருக்கிறது கூழ்,
யாரோ ஒரு குழந்தையின் ஐஸ்கிரீமை
இன்னும் இரண்டு நிமிடம் உருகாமல் பிடித்து வைக்கப்போகும் கூழ்.
கிலோவுக்கு எத்தனை திர்ஹாம் என்பது
இந்த ஊதாவின் தடிமன்.

நாற்பது மடங்கு. பிறகு நானூறு.
வெளி விளிம்பில் சின்னச் செல்கள் நெருக்கியடித்து,
விடுமுறை மாலையின் பஸ் நிறுத்தம்போல.
உள்ளே பெரியவை, கால் நீட்டிக்கொண்டு.
வேறொரு பாசியின் மயிர்வேர் இறங்கியிருக்கிறதா என்று
பத்து இடங்களில் எண்ண வேண்டும்.
மூன்றைத் தாண்டினால் இரண்டாம் தரம்.
ஏழைத் தாண்டினால் தொகுதி முழுக்கக் கழிவு.
ஒன்று. இல்லை. இல்லை. ஒன்று. இல்லை.
ஆறாவது இடத்தில் கை நின்றது.

ஒரு பள்ளம்.
மீன் கடித்திருக்கலாம், கயிறு அறுத்திருக்கலாம்.
ஓரத்தில் செத்த செல்கள் வெறும் கூடாகக் கிடக்க
அவற்றின் அடியிலிருந்து கிளம்பிய புதியவை
வரிசை தவறி, கோணல்மாணலாக,
இஸ்திரி போடாத சட்டைபோல்
பள்ளத்தை மூடியிருந்தன.
ஊதா அங்கேதான் அதிகம்.

படிவத்தில் ஐந்து கட்டங்கள்:
நிறம், வேர், வெளுப்பு, புழு, சுவர்.
ஆறிவிட்டது என்பதற்குக் கட்டமில்லை.

மதியம் பிரதீஷ் சார் வந்தார்.
"பதினேழு என்னாச்சு? கொரியாக்காரன் கேக்கிறான்."
பிறகு, குரலைத் தாழ்த்தாமலே,
"நாளைக்குக் கயிறு கட்ட வேற ஆள்.
ஷோஃபிக்குல் மெடிக்கல்ல அன்ஃபிட்.
எக்ஸ்ரேயில பழைய வடுவாம்.
சின்ன வயசில வந்து போனதுங்கிறான்,
சொன்னா யார் கேப்பா."
குனிந்து லென்ஸில் பார்த்தார்.
"இதென்ன, ஓட்டையா?"
"ஓட்டை இருந்த இடம், சார்."
நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரைப்
போன் கூப்பிட்டது.

எக்ஸ்ரே பார்த்தவனைக் குறை சொல்ல மாட்டேன்.
அவனிடமும் ஒரு படிவம் இருந்திருக்கும்,
அன்றைக்கு முந்நூறு நெஞ்சுகள் இருந்திருக்கும்.
போன மாதம் அவற்றில் என்னுடையதும் ஒன்று.
குளிர்ந்த பலகையில் மார்பை அழுத்தி,
மூச்சை இழு, நிறுத்து, விடு என்று
மூன்று மொழிகளில் எழுதியிருந்த சுவரைப் பார்த்தபடி.
என்னை எத்தனை மடங்கு பெரிதாக்கினார்கள் என்று தெரியாது.
ஃபிட் என்று குறுஞ்செய்தி வந்தது.
அன்றைக்கு ஒரு பிரியாணி வாங்கினேன், முழு பிளேட்.

கட்டங்களுக்குக் கீழே
வழக்கமாகக் கோடு கிழித்துவிடும் வெற்றிடத்தில் எழுதினேன்:
காயம் இருந்தது. தானாக மூடிக்கொண்டது. முதல் தரம்.
கையெழுத்து. தேதி.
இதனால் எந்த விமானச் சீட்டும் ரத்தாகாது.

கதவைத் திறந்தேன்.
ஏசிக் குளிரில் கிடந்த மூக்குக்கண்ணாடி
வெக்கை பட்டதும் முழுக்க வெளுத்துவிட்டது.
காயல் இல்லை, படகு இல்லை, ஆள் இல்லை.
குரல் மட்டும்:
"பதினேழு பாஸா, ஆபா?"
அவனுக்குச் சொல்லிவிட்டார்களா இல்லையா என்பது
அந்தக் குரலில் தெரியவில்லை.

"பாஸ்" என்றேன்.
கண்ணாடியை உடனே துடைக்கவில்லை.